தண்ணீர்ச் செலவு

கம்ப்யூட்டர் வந்தால் எங்கள் சோற்றில் மண் விழும் என்று வங்கி வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொள்ளாச்சி சாலையில் கிணத்துக்கடவு தாண்டி, கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு கிளையில் குமாஸ்தாவாக இருந்தேன். கிளையின் சங்கச் செயலாளரும் நானே. எனக்கு வாய் நீளம் என்பதால் அந்தப் பதவி தானாக வந்து சேர்ந்தது. போட்டிக்கு ஒருவரும் நிற்கவில்லை.

அன்று வாசலில் கத்தியது ஏழு குமாஸ்தாக்கள். நல்ல வெயில். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு மொண்டு எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு அக்கா. அவரையும் எங்களோடு வந்து நிற்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று சங்கச் செயலாளரான எனக்கே தோன்றவில்லை. அவர்தான் வங்கி ஊழியர் இல்லையே! இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கிளையில் அவரைத் தண்ணிக்காரம்மா என்பார்கள். நான் அக்கா என்பேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய கணவர் தென்னை ஏறுபவர். ஒரு மழைக்காலத்தில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்க் கட்டிலோடு கிடந்தார். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வங்கியில் கிடைத்த தினக்கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. காலையில் பெருக்குவது, இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது என்று ஒன்பது வருடங்களுக்கு முன் ஆரம்பித்த வேலை. நான் அந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்தபோது, அக்கா இல்லாமல் அங்கே ஒரு துரும்பும் நகராது என்று ஆகியிருந்தது.

லெட்ஜர் என்றால் என்னவென்று இன்று வங்கிக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. இரும்புச் சட்டம் போட்ட பெரிய புத்தகம். பக்கத்துக்கு ஒரு கணக்கு. ஒன்றைத் தூக்கினால் நாலு வயதுக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இருக்கும். காலையில் பெட்டக அறையிலிருந்து அத்தனையையும் தூக்கிவந்து அடுக்குவது, ஆள் வர வர வேண்டியதை எடுத்து எங்கள் மேசையில் போடுவது, சாயங்காலம் திரும்ப உள்ளே வைப்பது எல்லாம் அக்காதான். நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

எடுத்துப்போடுவது என்று லேசாகச் சொல்லிவிட்டேன். எதை எடுப்பது என்பதில்தான் விஷயமே இருந்தது. எங்கள் பக்கத்தில் பாதி ஆண்களுக்கு முருகன் பேர், மீதிப் பாதிக்குப் பெருமாள் பேர். அவர்களுடைய அப்பன்களுக்கும் அதே கதை. ஒரே பேர், ஒரே இனிஷியல் உள்ள பதினாலு பேர் எங்களிடம் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தார்கள். ஊரில் அவர்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பள்ளத்தோட்டத்துக்காரர், கரட்டுத்தோட்டத்துக்காரர், ரெண்டுகிணத்துத் தோட்டத்துக்காரர் என்று தோட்டத்தைச் சொன்னால் போதும். வங்கியின் விண்ணப்பத்தில் தோட்டத்துக்கு இடமில்லை. பாஸ் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, சந்தைக்கு வந்த கையோடு இங்கே வந்து நின்று, "என்ற கணக்குதானுங்க, பாருங்க" என்பார்கள்.

அக்காவுக்கு முகத்தைப் பார்த்தால் போதும். இன்ன தோட்டம், இன்ன லெட்ஜர் என்று எடுத்து வைப்பார். புதிதாக வருகிற குமாஸ்தாக்களுக்கு அந்த ஞானம் கிடையாது என்பதால், பக்கத்தின் மேல் மூலையில் அந்தந்தத் தோட்டத்தின் பேரைப் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தார். லெட்ஜரில் வெளியாள் எழுதுவது பெரிய குற்றம். எழுதவிட்ட எங்களுக்கும் மெமோ வரும். அதனால்தான் பேனா இல்லாமல் பென்சில்.

அவருடைய எழுத்தே தனி. எட்டாவதோடு நின்ற படிப்பு. அதற்குப் பிறகு எழுதுவதற்கு வாழ்க்கையில் ஒன்றும் வரவில்லை. கல்லில் செதுக்குகிற மாதிரி அழுத்தி எழுதுவார். எழுத்தெல்லாம் காற்றில் சாய்ந்த சோளத்தட்டு மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். "பேப்பர் பாவம்க்கா" என்று நான் கிண்டல் செய்தால், "மெதுவா எழுதுனா எழுதுன மாதிரியே இருக்கறதில்லீங்க அம்மணி" என்பார்.

கூலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளக் கிளைக்கு அனுமதி இல்லை. அதனால் வாரா வாரம் ஒரு சீட்டில் 'தண்ணீர்ச் செலவு' என்று எழுதிப் பணத்தைக் கொடுத்தார்கள். ஒரே பேரில் தொடர்ந்து கொடுத்தால் நாளைக்கு வேலை கேட்டு வழக்குப் போடுவார் என்று, வந்த மேனேஜர் ஒவ்வொருவரும் பயந்தார்கள். ஆகவே சீட்டில் ஒரு மாதம் ஒரு பேர், அடுத்த மாதம் வேறு பேர். இல்லாத ஐந்து பெண்கள் முறைவைத்து எங்கள் கிளைக்குத் தண்ணீர் சுமந்தார்கள். ஐந்து பேருக்கும் அக்காவே கையெழுத்துப் போட்டார். அவருடைய சொந்தப் பேர் மட்டும் அந்தக் கட்டிடத்தில் எந்தக் காகிதத்திலும் இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேனேஜர் எங்களை உட்காரவைத்துச் செய்தியைச் சொன்னார். சென்னைக்காரர். கெட்டவர் இல்லை, ரூல் புத்தகத்துக்கு வெளியே வந்தால் மூச்சு முட்டுகிற ரகம்.

"யாருக்கும் வேலை போகாது. மூணு பேருக்குப் பக்கத்துக் கிளைகளுக்கு மாற்றல். மெஷின்ல உட்கார்றவங்களுக்கு மாசா மாசம் கம்ப்யூட்டர் படி உண்டு."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கத்திய கத்தலுக்குச் சம்பள உயர்வா! மேனேஜர் ஃபைலை மூடிக்கொண்டே, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"அந்தத் தண்ணிக்காரம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க. அடுத்த மாசக் கடைசியோட நிறுத்திக்கலாம். லெட்ஜரே இல்லைன்னா தூக்கறதுக்கு என்ன இருக்கு? குடிக்கற தண்ணிக்கு செவுத்துல ஃபில்டர் மாட்டறாங்க."

மண் விழும் என்று கத்தினோமே, அது தப்பாமல் விழுந்தது. எங்கள் தட்டில் விழவில்லை, அவ்வளவுதான்.

அக்காவிடம் சொல்கிற வேலை என் தலையில் வந்து விழுந்தது. டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தவர், கேட்டுவிட்டு இன்னும் இரண்டு டம்ளரைத் துடைத்து வைத்தார். "சரிங்க அம்மணி. அடுத்த மாசக் கடைசின்னா இன்னும் நாளு இருக்குதுங்களே" என்றார். பிறகு, "புள்ளைக்குப் பரீச்சை முடியறதுக்கு நாலு மாசமிருக்குதுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அழுதிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என் கணவர் கோவையில் மில் தொழிலாளி. சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார்.

"எங்க மில்லுல புது மெஷின் வந்தப்பவும் இதே கதைதான். ரிஜிஸ்டர்ல பேர் இருக்கறவங்களுக்கு நோட்டீசு, பேச்சுவார்த்தை, நஷ்டஈடு. பேர் இல்லாதவங்களுக்கு வெளியே போற கேட்டுதான். நீ யாருக்கு சங்கம் வெச்சிருக்கறே?"

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவர் ஜெயித்த ஒரே விவாதம் அதுதான்.

அடுத்த வாரம், லெட்ஜரைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குக் கோவையிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வருவதாக இருந்தது. மேனேஜர் லெட்ஜர்களைப் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "இந்தப் பென்சில் கிறுக்கல் ஒண்ணு விடாமத் துடைச்சிடுங்க. வெளி ஆள் பார்த்தா என்ன நினைப்பான்?"

துடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு மேனேஜர் மேல் கோபம், மெஷின் மேல் கோபம், என் மேலேயே கோபம். "துடைச்சுப்போடறோங்க சார்" என்று தேன் சொட்டச் சொன்னேன். மெஷின் திணறட்டும், அப்போது தெரியும் சேதி என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

துடைத்தது யார்? அக்காதான். மூன்று மத்தியானம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒன்பது வருடமாகத் தான் எழுதியதையெல்லாம் பக்கம் பக்கமாக அழித்தார். ரப்பரை எடுத்துக் கொடுத்தவள் நான். எழுந்திருக்கும்போது அவர் சேலை முழுக்க ரப்பர் தூள் ஒட்டியிருக்கும். என் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள அவரைக் கூலிக்கு வைத்துக்கொண்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கம்ப்யூட்டர் வந்தது. தேங்காய் உடைத்து, டிவி மாதிரி இருந்த பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். கண்ணாடித் தடுப்பு, ஏ.சி., வாசலில் வரிசையாகச் செருப்புகள். கோவையில் பத்து நாள் பயிற்சி முடித்துவிட்டு அந்தப் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தது சாட்சாத் நானேதான். கம்ப்யூட்டரே வெளியேறு என்று கத்திய வாய், கம்ப்யூட்டர் படியை வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற குமாஸ்தாக்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோஷத்தை மெதுவாக முணுமுணுப்பார்கள்.

முதல் சந்தை நாள் வந்தது. எல்லாக் கணக்குக்கும் புது எண் போட்டிருந்தார்கள். பழைய எண்ணையும் புது எண்ணையும் சேர்த்துக் காட்டுகிற பட்டியல் கோவையிலிருந்து வந்துகொண்டே இருந்தது; வந்துசேரவில்லை. பேரை அடித்துத் தேடுவது ஒன்றுதான் வழி. அடித்தேன். திரையில் பதினாலு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். ஒரே பேர், ஒரே இனிஷியல், ஒரே ஊர்.

இரண்டு நாள் முன்பே ஒருவர் எடுத்த பணத்தை இன்னொருவர் கணக்கில் கழித்திருந்தோம். எடுத்தவர் அன்று பாஸ் புத்தகத்தோடு வந்தார். "ஏனுங்க, நான் எடுத்த பணம் கழியவே இல்லீங்களே. பேங்குல இப்ப சும்மாவே குடுக்கறீங்களா?" என்று எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி விசாரித்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. ஏ.சி. அறையில் மேனேஜருக்கு வியர்த்தது. ஒரே பேர் உள்ள யாருக்கும் பணம் தர வேண்டாம் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

வரிசை வாசலைத் தாண்டி, தக்காளி ஏற்றி நின்ற டெம்போ வரைக்கும் போயிற்று. பதினாலு பேரில் ஒருவர் கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மனைவிக்குக் கோவையில் ஆபரேஷன். பன்னிரண்டு மணி பஸ்ஸில் பணத்தோடு போயாக வேண்டும்.

"நான் மேட்டுத்தோட்டத்துக்காரனுங்க. இருவது வருசமா இங்கதானுங்க கணக்கு. என்ற பணத்தை என்ற கையில குடுக்கறதுக்கு என்னுங்க இத்தனை யோசனை?"

நான் நினைத்தபடியே நடந்துவிட்டது. மெஷின் திணறிவிட்டது. ஆனால் நினைத்த குஷி வரவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என்னை விட்டுவிட்டு அந்த மனிதரைப் போய்ச் சுட்டுக்கொண்டிருந்தது.

அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "அம்மணி, மேட்டுத்தோட்டத்துக்காரருங்க. பழைய அஞ்சாம் லெட்ஜருங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பின்னறைக்குப் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த ஒரு லெட்ஜரிலேயே அதே பேரில் நாலு பேர் இருந்தார்கள். மூலைகளைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எல்லாத்தையும் துடைச்சுட்டமேக்கா."

"துடைச்சாப் போயிருமுங்களா?" என்றார் அக்கா. லெட்ஜரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். நான் குனிந்து பார்த்தேன். கரி போயிருந்தது. பள்ளம் போகவில்லை. 'மேட்டுத்தோட்டம்' என்று ஒவ்வொரு எழுத்தும் இடப்பக்கம் சாய்ந்தபடி தாளில் குழிந்து கிடந்தது.

பக்கம் தெரிந்துவிட்டால் மற்றது சுலபம். அந்தப் பக்கத்தின் கடைசி இருப்பு எவ்வளவோ, அதே இருப்பு பதினாலு பேரில் யாரிடம் இருக்கிறது என்று திரையில் பார்த்தேன். ஒருவரிடம்தான் இருந்தது. மேட்டுத்தோட்டத்துக்காரர் பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு ஓடினார். ஓடுகிறவர் திரும்பி எனக்கு ஒரு கும்பிடு போடவில்லை, அக்காவுக்குப் போட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் பிடித்த வேகம் இருக்கிறதே! அக்கா பக்கத்தைச் சாய்த்துப் படிப்பார், நான் இருப்பைப் பார்த்துச் சரியான ஆளைப் பிடிப்பேன். பள்ளத்தோட்டம், கரட்டுத்தோட்டம், புளியமரத்துத் தோட்டம். சாப்பாட்டு நேரத்துக்குள் வரிசை காலி. மேனேஜர் அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கிளையின் வரலாற்றில் தண்ணீர் எதிர்த்திசையில் போனது அதுவே முதல் தடவை.

ஒருநாள் சமாளித்தால் போதுமா? கம்ப்யூட்டரில் முகவரிக்கு இரண்டு வரி இருந்தது. இரண்டாவது வரி காலியாகவே கிடந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் அக்காவும் உட்கார்ந்து, அந்த வரியில் ஒவ்வொருவருடைய தோட்டத்தையும் ஏற்றினோம். அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க, நான் இரண்டு விரலால் குத்தினேன். மூன்று வாரம் நான் மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. எங்கள் பங்குச் சாமியார் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். பாவ பரிகாரம் செய்துகொண்டிருக்கிறேன் சாமி என்றேன். அதில் பொய் இல்லை.

அதன்பின் எங்கள் கிளையில் பேரோடு தோட்டத்தையும் அடித்தால் ஒரே ஆள் வந்து நிற்பார். சந்தை நாளில் பதினொரு மணிக்கெல்லாம் கூட்டம் கரைந்துவிடும். பக்கத்துக் கிளைகளில் மூன்று மணி வரைக்கும் சண்டை நடந்தது. சேதி கோவைக்குப் போய், பெரிய அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மேனேஜர் புதுச் சட்டை எடுத்தார்.

ஆனால் மாதக் கடைசியும் வந்துகொண்டிருந்தது. நான் மேனேஜரிடம் போய் நின்றேன். அவருக்கும் மனசு கேட்கவில்லை என்பது தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், நான் என்ன செய்யட்டும்? அந்தம்மா இங்க வேலை பார்த்ததுக்கு ஒரு அத்தாட்சி கிடையாது. சீட்டுல இருக்கறது வேற வேற பேர். அதைக் கிளறினா கள்ளக் கையெழுத்துப் போட்டதுன்னு முதல்ல அந்தம்மாவைத்தான் பிடிப்பாங்க. லெட்ஜர்ல எழுதினதும் தெரிஞ்சா உங்களுக்கும் சேர்த்து மெமோ. நல்லபடியா அனுப்பிடுவோம்."

அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. பேர்கள்தான் வேறு வேறு. கை ஒன்றுதானே?

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். சீட்டையும் லெட்ஜரையும் சேர்த்துக் காட்டினால் வேலை கிடைக்கலாம். போலீஸ் வரைக்கும் போகவும் செய்யலாம். பேசாமல் இருந்தால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம். அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போடச் சொன்னாங்க, போட்டனுங்க. துடைக்கச் சொன்னாங்க, துடைச்சனுங்க. இதையாவது என்ற இஷ்டத்துக்குச் செய்யறனுங்களே அம்மணி."

அதிகாரி வந்தார். கண்ணாடி அறைக்குள் வந்து, என் பின்னால் நின்றபடி பத்து நிமிஷம் வேலையைப் பார்த்தார். திரையில் ஓடிய தோட்டப் பேர்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "இது நம்ம படிவத்துலயே இல்லையே. எங்கிருந்து எடுத்தீங்க?"

"நம்ம ஸ்டாஃப் முயற்சி சார்" என்றார் மேனேஜர்.

"கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு நான் பின்னறைக்குப் போனேன். அஞ்சாம் லெட்ஜரை நானே தூக்கினேன். என் வாழ்க்கையில் லெட்ஜர் தூக்கியது அன்றுதான். பத்தடி நடப்பதற்குள் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ஜன்னலோரம் வைத்து, பக்கத்தைச் சாய்த்துக் காட்டினேன். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றிவிட்டுப் படித்தார்.

"யார் எழுதினது?"

மேனேஜர் என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரமிருந்து குரல் வந்தது. "நானுங்க."

நான் தயாராக வைத்திருந்த சீட்டுக் கட்டை லெட்ஜருக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர்ச் செலவு, தண்ணீர்ச் செலவு, தண்ணீர்ச் செலவு. அடியில் ஐந்து பெண்களின் கையெழுத்து. ஐந்தும் இடப்பக்கம் சாய்ந்து, தாளின் பின்பக்கத்தில் விரலால் தடவினால் தெரிகிற மாதிரி புடைத்திருந்தன. அதிகாரி சீட்டையும் லெட்ஜரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த அஞ்சு பேர் யாரும்மா?"

"அஞ்சு பேரும் நானுங்க."

அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஒரே பேர்ல பதினாலு பேர் இருந்ததுக்கே உங்க மெஷின் படுத்துடுச்சு. ஒரே ஆள் அஞ்சு பேர்ல ஒன்பது வருஷம் இருந்திருக்காங்க. உங்க யாருக்கும் தெரியலையா?"

"தெரியும் சார்" என்றேன் நான். "எனக்குத் தெரியும். நான் சங்கச் செயலாளர். தெரிஞ்சும் சும்மா இருந்தேன். மெமோ குடுக்கறதா இருந்தா முதல்ல எனக்குக் குடுங்க. ஆனா இந்த மெஷின் நல்லா ஓடுதுன்னு நீங்க மேல எழுதறப்போ, அது யாருடைய மூளையில ஓடுதுன்னும் எழுதுங்க. லெட்ஜர் போச்சு, தூக்கறதுக்கு ஆள் வேண்டாம்னு சொல்றாங்க. இவங்க தூக்கினது லெட்ஜரை மட்டும் இல்ல சார்."

குரல் நடுங்கியது. வங்கி வாசலில் நின்று கத்தியபோதெல்லாம் என் குரல் நடுங்கியதே இல்லை.

அதிகாரி அக்காவைப் பார்த்து, "என்ன படிச்சிருக்கீங்க? சர்டிபிகேட் இருக்கா?" என்றார். "எட்டாவதுங்க. ஊட்டுல தகரப்பெட்டிக்குள்ள இருக்குதுங்க" என்றார் அக்கா. "எடுத்துட்டு வந்து இவங்ககிட்ட குடுங்க." பிறகு மேனேஜரிடம், "முடிவு வர்ற வரைக்கும் இவங்களை நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முடிவு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. நானும் சும்மா விடவில்லை. வாரத்துக்கு ஒரு கடிதம். சங்கத்தின் மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று, சங்கத்தையே ஒரு பிடி பிடித்தேன். எங்களுக்குக் கம்ப்யூட்டர் படி வந்தது, மெஷின் யாருடைய கூலியைத் தின்றது என்று யாராவது கணக்குப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கூட்டம் முடிந்ததும் வேறு கிளைக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு தண்ணிக்காரம்மாவோ, ஒரு பெருக்குகிறவரோ இருந்திருக்கிறார். சிலருக்காக நாங்கள் போராடி வேலை வாங்கிக் கொடுத்தோம். பலர் அதற்கு முன்பே ஒரு மாதக் கடைசியில் சத்தமில்லாமல் போய்விட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சீட்டைத் தவிர எந்தத் தடயமும் இல்லை. சீட்டிலும் அவர்கள் பேர் இல்லை. இதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இடையில் எனக்கு மெமோ வந்தது. வெளியாளை லெட்ஜரில் எழுத அனுமதித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். என் கணவர் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். மேனேஜருக்கும் ஒன்று வந்தது. மனுஷர் அதற்குப் பிறகு என்னோடு இன்னும் நெருக்கமாகிவிட்டார்.

மகளின் பரீட்சை முடிந்து பத்தாம் நாள், கோவையிலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. மேனேஜரே எழுந்து வந்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா பிரித்து, எழுத்துக் கூட்டி முதல் வரியைப் படித்தார். அதில் அவருடைய சொந்தப் பேர் இருந்தது. நிரந்தரக் கடைநிலை ஊழியர் என்று இருந்தது. முழுச் சம்பளம், விடுப்பு, வைப்பு நிதி எல்லாம் இருந்தது. "அம்மணி, இது என்னைத்தானுங்களே சொல்லுது?" என்று கேட்டார். நாங்கள் ஏழு பேரும் கை தட்டினோம். மாற்றலாகிப் போன மூன்று பேரும் அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். வரிசையில் நின்ற ஜனங்களுக்கு எதற்கென்று தெரியவில்லை. அவர்களும் சேர்ந்து தட்டினார்கள். நான் விசில் அடித்தேன். எனக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று கிளைக்கு அன்றுதான் தெரிந்தது.

எங்கள் கிளையின் வருகைப் பதிவேட்டில் நாளுக்கு ஒரு தாள். அக்காவுக்கு மேனேஜர் பேனாவை நீட்டினார். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் பேரை எழுதினார். முடிப்பதற்கு ஒரு நிமிஷமாவது ஆகியிருக்கும். "பேப்பர் பாவம்க்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை முதலில் வந்தவள் நான். பதிவேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. அன்றைக்கு இன்னும் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை; ஆனால் அந்த வெற்றுத் தாளில் அக்காவின் பேர் ஏற்கெனவே அழுந்தியிருந்தது. நான் அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.